கல்லின் இன்னொரு பக்கம்: எங்கள் ஊர்க் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அக்காவுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், வருகிற ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடப்போகும் ஊர்ப் பெரியவர்கள், தாய்மார்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

மே 1 அன்று நடந்த கிராம சபைக்கு நான் வர இயலவில்லை. போரில் உயிர் நீத்த நம் ஊர் வீரர்களுக்குப் பேருந்து நிறுத்தத்தின் அருகே நினைவுத் தூண் எழுப்புவது என்று அன்று தீர்மானம் நிறைவேறியதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நெஞ்சு நிறைந்தது. நாம் இழந்த மூன்று பேரின் வீட்டாரும் இத்தனை காலம் அந்தக் கல்லுக்காகக் காத்திருந்தார்கள். பாட்டியாகிவிட்ட அவர்களுடைய மனைவிமார்கள் கண்ணோடு இருக்கும்போதே அது எழும்புவது நல்லது. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய பெயரையும் வைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. தூணுக்கு நான்கு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் அவர்களுக்கே உரியது. மீதிப் பக்கங்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

வேலூர் நீண்ட கடைவீதியில் இருக்கும் மணிக்கூண்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் பதித்திருக்கும் கல்வெட்டை நின்று படித்தவர்கள் குறைவாக இருக்கலாம். இந்த ஊரிலிருந்து 277 பேர் மகாயுத்தத்துக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்தபின் ஆங்கிலேயர் அரசு இப்படிப் பல ஊர்களில் கல் பதித்தது. சின்ன வயதில் அப்பா என்னை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்தி, "277-ல் 14 போனால் எவ்வளவு?" என்று கேட்டார். கணக்குப் பரீட்சை என்று நினைத்து, "263" என்றேன். "அந்த 263 பேரும் திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா, பார்" என்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்தக் கேள்வி என்னோடு வளர்ந்து, இப்போது உங்கள் முன்னால் வந்து நிற்கிறது.

அப்பாவை உங்களில் பெரும்பாலோர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கிழக்குத் தெரு மிலிட்டரிக்காரர். அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் அந்தப் பட்டம் ஒன்றும் அரிதல்ல. கம்மவான்பேட்டை வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பும் ஊர் என்றே பெயர் வாங்கியிருக்கிறது. நம் ஊரிலும் காலையில் ஏரிக்கரை மேல் ஓடும் பையன்களின் காலடிச் சத்தத்தில்தான் பாதிப் பேர் கண் விழிக்கிறோம். மானாவாரி நிலமும் வற்றிய கிணறும் ஒரு காரணம், அண்ணன் போன வழியில் தம்பி போவது இன்னொரு காரணம். அப்பாவும் அப்படிப் போனவர்தான். இரண்டு ஏக்கர் நிலக்கடலை, கொஞ்சம் கேழ்வரகு, ஒரு ஜோடி மாடு. 1961-ல் மழை ஏமாற்றிய ஆடிக்குப் பிறகு பெங்களூருக்கு ரயிலேறி, மதராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லப்படும் பொறியாளர் படையில் சேர்ந்தார். அந்தப் படையின் சிப்பாய்களைப் பிற படைக்காரர்கள் இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். பஞ்சாபிக்காரரும் கூர்க்காவும் தமிழில் தம்பி என்று கூப்பிட்டதை அப்பா கடைசி வரைக்கும் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

சேர்ந்த மறு ஆண்டே சீனப் போர். அப்போது நேஃபா என்று அழைக்கப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், மலைப்பாதை போடும் வேலைக்கு அவருடைய அணி போயிருந்தது. 1962 அக்டோபர் 20 அன்று தாக்குதல் தொடங்கியது. நவம்பர் 18, 19 தேதிகளில் சேலா கணவாயும் போம்டிலாவும் அடுத்தடுத்து விழுந்தன. நம் வீரர்கள் பலருக்கு அந்தக் குளிரில் பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியும்தான் இருந்தன என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்பாவின் வலது காலில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துச் சுருங்கியிருந்ததைக் களத்துமேட்டில் அவரோடு உட்கார்ந்தவர்கள் கண்டிருப்பீர்கள். ஏர்மாடு மிதித்தது என்று நம்மிடம் சொல்லி வைத்திருந்தார். அது நேஃபாவின் பனி.

பாதை துண்டிக்கப்பட்டதும் சிதறிய அணிகள் காட்டு வழியாக அசாம் சமவெளியை நோக்கி இறங்கின. நடக்க முடியாத ஒருவரை நான்கு பேர் தூக்கி வந்திருக்கிறார்கள். ஒரு கம்பளி, இரண்டு மூங்கில் கழி. கம்பளியை விரித்து, மூன்றில் ஒரு பங்கு தள்ளி முதல் கழியை வைத்து அதன் மேல் கம்பளியை மடிக்க வேண்டும். மடித்த துணியின் மேல் இரண்டாவது கழியை வைத்து, மிச்சத்தை அதன் மேல் திருப்பிப் போட வேண்டும். முடிச்சு கிடையாது, தையல் கிடையாது. படுப்பவரின் எடையே துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது எழுத்து அல்ல, இந்த மடிப்புத்தான். பொங்கல் விடுமுறையில் தெருப் பிள்ளைகளை எல்லாம் வரிசையில் நிறுத்திப் போர்வையும் கழியும் கொடுத்துப் போட்டி வைப்பார். அந்தப் போட்டியில் ஜெயித்த சிலர் இந்த மடலைப் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

1965 பாகிஸ்தான் போர் அவரை வேறு மாதிரி மாற்றியது. லாகூர் முனையில், இச்சோகில் கால்வாய்ப் பக்கம் இருந்தார். போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. போர் நின்ற பிறகு நடந்ததைத்தான் பேசுவார். செப்டம்பர் 23 அன்று சண்டை நின்றது. தாஷ்கண்ட் ஒப்பந்தம் 1966 ஜனவரி 10 அன்று கையெழுத்தானது. படைகள் பழைய எல்லைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், நிலத்தில் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கும் வேலை பொறியாளர் படையின் தலையில் விழுந்தது. புதைத்த இடங்கள் எல்லாம் வயல்கள். கரும்பும் கோதுமையும் விளைந்த வண்டல் மண். வரப்பின் மேல் பஞ்சாபி விவசாயிகள் நாள் முழுக்கக் குந்தியிருந்து, தங்கள் நிலம் எப்போது தங்களுக்குக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்.

அப்பா மண்டியிட்டுக் கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் போவார். கருவியும் இருந்தது. ஆனாலும் தனக்கு அதைவிடக் கண்தான் உதவியது என்பார். ஒருமுறை கிண்டிய மண்ணும் கிண்டாத மண்ணும் ஒரே நிறமாகக் காய்வதில்லை. கிண்டிய இடத்தில் முதல் மழைக்கு ஒரு விரற்கடை உள்வாங்கும், முளைக்கும் புல்லும் வேறாக இருக்கும். கடலைக் கொல்லையில் எலி வளையையும் பன்றி கிளறிய இடத்தையும் பார்த்துப் பழகிய கண் அது. விவசாயி என்பதால்தான் தான் உயிரோடு வந்தேன் என்று அவர் சொன்னபோது, அதை ஒரு பேச்சுக்காகச் சொன்னதாக நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அது வெறும் உண்மை.

1971 டிசம்பரில் பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். டிசம்பர் 15 இரவு ஆற்றுக்கு அப்பால் பரந்து கிடந்த கண்ணிவெடி வயலில் டாங்கிகள் போவதற்குப் பொறியாளர்கள் வழி திறந்துகொண்டிருந்தார்கள். திறந்த வழியின் இரு ஓரத்திலும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். வேலை முழுதும் முடியும் முன்பே டாங்கிகள் உள்ளே வர வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. மறுநாள் 16-ஆம் தேதி அங்கே நடந்த டாங்கிச் சண்டையில்தான் 21 வயது அருண் கேத்தர்பால் வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். அதே நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. நாடு முழுவதும் இனிப்புக் கொடுத்த அந்த நாளில், அப்பா ஒரு தோழனின் தொடைக்கு மேல் துணியை முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை அவன் நெற்றியில் எழுதி, உதவி முகாம் வரை கூடவே போயிருக்கிறார். கட்டு எப்போது போட்டது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அதனால் நெற்றியில் எழுதுவார்கள். அந்தத் தோழன் பிழைத்தாரா என்பது அப்பாவுக்குத் தெரியாமலே போயிற்று. முகாமில் ஒப்படைத்ததோடு அவருடைய பங்கு முடிந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் ஆம்புலன்ஸ் ஓட்டியதற்குக் காரணம் என்னவென்று நான் யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் வந்து நிற்பேன். அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வேலை காலி இருந்தது, ஓட்டத் தெரியும், போனேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

நாயக் பதவியோடு 1979-ல் ஊருக்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி, பென்ஷன் புத்தகம், நாலைந்து பதக்கங்கள். ரக்ஷா மெடல், பஷ்சிமி ஸ்டார், சங்ராம் மெடல் என்று அவற்றுக்குப் பெயர். அந்தப் போர்களில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பதக்கங்கள்தான், வீரத்துக்கென்று தனியாகப் பெற்றவை அல்ல. தூணில் பெயர் வர வேண்டுமானால் உயிர் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வீர விருது பெற்றிருக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசப்பட்டதாக அறிந்தேன். இரண்டும் அப்பாவிடம் இல்லை.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அப்பாவை விவசாயி என்கிறோம். திருமணத்துக்குப் பிறகு அவர் படையில் இருந்த ஆண்டுகள் முழுதும் அந்த இரண்டு ஏக்கரை உழுதது யார்? ஆள் பிடித்தது, ஏற்றம் இறைத்தது, கடலையை மண்டிக்குக் கொண்டுபோய் எடைக்காரனிடம் சண்டை போட்டது, இரண்டு பிள்ளைகளைப் பெற்றது, அஞ்சலட்டை வராத டிசம்பரில் பதினேழு நாள் அடுப்புப் பற்றவைத்தும் சாப்பிடாமல் இருந்தது, எல்லாம் அம்மா. நம் ஊரில் படைக்குப் போன ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருத்தி இருந்தாள். அவர்களைக் கல்லில் எழுதுவதா வேண்டாமா என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், எழுத வேண்டும்.

1984-ல் வேலூரில் இருந்த ஒரு தொண்டு அமைப்பு, சுற்றுக் கிராமங்களுக்கென்று ஒரு மெட்டடோர் வேனை ஆம்புலன்ஸாக மாற்றி விட்டது. அதற்கு ஓட்டுநராக அப்பா சேர்ந்தார். மாதச் சம்பளம் 450 ரூபாய். பின்னால் ஒரு பெஞ்சு, ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு பிராணவாயு உருளை, பஞ்சும் கட்டுத்துணியும் உள்ள ஒரு பெட்டி. உதவியாளர் இருந்த நாட்கள் உண்டு, இல்லாத நாட்கள்தான் மிகுதி. அந்நாளில் நம் ஊரில் தொலைபேசி அஞ்சலகத்தில் மட்டும்தான் இருந்தது. இரவில் போஸ்ட்மாஸ்டர் மாமா வீட்டுக் கதவைத் தட்டி, அவர் எழுந்து பூட்டைத் திறந்து, எண்ணைச் சுழற்றி, மறுமுனை எடுப்பதற்குள் பிரசவ வலியில் கிடப்பவள் எத்தனை முறை செத்துப் பிழைப்பாள். அதற்கு முன்னால் அதுவும் இல்லை. கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கட்டித் தோளில் தூக்கிப் போனவர்களும், மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துப் பாலாற்று மணலைக் கடந்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இளைஞர்கள் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

படையில் 18 ஆண்டு. வேனில் 24 ஆண்டு. எது அவருடைய உத்தியோகம் என்று கேட்டால் ஊர் இன்னமும் முதலாவதைத்தான் சொல்கிறது.

அவர் மூன்று நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார். தேதி, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர், என்ன கேடு, யார் கூட வந்தது, கடைசிக் கட்டத்தில் என்ன ஆயிற்று. நேரத்தைப் படை வழக்கப்படி 0240, 2315 என்றே எழுதியிருக்கிறார். பெயர்களை இங்கே நான் எழுத மாட்டேன். அவை உங்கள் வீட்டுப் பெயர்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். தலைப்பிரசவம். நெல் அறுக்கும்போது கட்டுவிரியன். கிணறு வெட்டும்போது தோட்டா வெடித்துக் கை. பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரி. பூச்சி மருந்து. மீண்டும் பூச்சி மருந்து. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தச் சொல் அடிக்கடி வருகிறது. அந்த வரிகளில் அவருடைய கையெழுத்து மற்ற இடங்களைவிடக் கோணலாக இருக்கிறது. வழியிலேயே இறந்தவர்களுக்குக் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். இறப்பு என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

பாம்புக் கடிக்கு யாராவது கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தால் அவருக்கு வரும் கோபம் உங்களுக்கு நினைவிருக்கும். கயிறு கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, கடிபட்டவனை ஓடவிடாதே. காலுக்குச் சிம்பு வைத்து அசையாமல் கட்டி, படுத்த நிலையில் கொண்டு வா, மந்திரிப்பவரிடம் போகும் அரை மணி நேரத்தில் மருந்து ஏற்றிவிடலாம் என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருப்பார். விபத்தில் கிடப்பவரைத் தொடவே பலர் பயந்த காலம் அது. தூக்கிப்போனவனையே காவல் நிலையமும் நீதிமன்றமும் அலையவிடும் என்ற பயம். அந்த அலைச்சலை அப்பா எத்தனை முறை பட்டார் என்பதும் நோட்டில் இருக்கிறது. 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்குப் பாதுகாப்பான நெறிகளை உறுதி செய்து, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதையே சட்டமாக்கியபோது, பத்திரிகையில் வந்த செய்தியைக் கத்தரித்து மூன்றாவது நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்தார். வேனை விட்டுப் பதினொரு ஆண்டு ஆன பிறகும்!

2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது. சில வாரங்களில் நம் பக்கத்துச் சாலையிலும் அந்த வண்டி ஓடத் தொடங்கியது. தொண்டு அமைப்பு தன் வேனை நிறுத்திவிட்டது. அப்பாவுக்கு வேலை போனதே என்று நாங்கள் தயங்கினோம். அவரோ 108 வண்டி முதன்முதலாக நம் ஊருக்குள் வந்த அன்று, நோயாளியை ஏற்றும் வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, திரும்பி வந்த வண்டியைச் சாலையில் மறித்து, பின்கதவைத் திறந்து காட்டச் சொன்னார். ஸ்ட்ரெச்சரின் சக்கரப் பூட்டு, சளி உறிஞ்சும் கருவி, கழுத்துப் பட்டை, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். மருத்துவ உதவியாளரான அந்தப் பையனிடம், நெஞ்சை அழுத்துவதை இப்போது எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டு, வரப்பில் சாக்கு மூட்டையைக் கிடத்திப் பழகினார். அறுபத்தாறு வயதில்!

இந்த இடத்தில் நம் மண்ணின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களில் பெருந்தொகையினர் நம்முடைய வட ஆற்காட்டுக்காரர்கள். நம்மைப் போன்ற மழை பார்த்த விவசாயிகள். 1899-ல் அங்கே ஆங்கிலேயருக்கும் போயர் எனப்படும் டச்சு வழிக் குடியேறிகளுக்கும் போர் மூண்டபோது காந்தி இந்தியர்களைத் திரட்டி ஆம்புலன்ஸ் படை ஒன்றை அமைத்தார். சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறத்தாழ 300 பேர்தான் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாத இந்தியர்கள், மற்றவர்கள் எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோ, ஸ்பியன் கோப் போர்க்களங்களில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள் என்று காந்தியே எழுதியிருக்கிறார். முப்பது, நாற்பது கிலோமீட்டர். போர் முடிந்ததும் பதக்கம் வந்தது. யாருக்கு? தலைவர்களாக இருந்த 37 பேருக்கு. மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு இல்லை. ஒப்பந்தக் கூலிகள் தோட்டத்துக்குத் திரும்பிக் கரும்பு வெட்டினார்கள். அவர்களில் நம் தாலுகாக்காரர் எத்தனை பேரோ! ஸ்ட்ரெச்சர் கம்பு அழுத்தித் தோல் உரிந்த தோளோடு கரும்புக் கட்டைச் சுமந்திருப்பார்கள்.

37 பேருக்கு மட்டும் என்று கோடு போட்டவன் அயலான். அவனுக்கு அந்தத் தோள்களின் பெயர் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. நமக்கு அப்படி இல்லையே. நம் ஊரில் படைக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொருவரையும் இன்னார் மகன், இன்னார் தாத்தா என்று தெருவாரியாகச் சொல்லக்கூடியவர்கள் இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாமும் அதே கோட்டைப் போடலாமா?

ஆகவே என் வேண்டுகோள் இது. தூணின் இரண்டாவது பக்கத்தில் திரும்பி வந்தவர்களின் பெயர்கள் வர வேண்டும். பெயரோடு இரண்டு வரி: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படையில் இருந்தார், திரும்பிய பின் ஊருக்கு என்ன செய்தார். ஏரி மதகைத் தன் கையால் பழுது பார்த்த மேட்டுத் தெரு பெரியப்பா, முப்பது ஆண்டு தண்ணீர்த் தொட்டி மோட்டாரை ஒரு பைசா வாங்காமல் பார்த்துக்கொண்ட மாமா, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், ஒன்றும் செய்யாமல் தன் நிலத்தை மட்டும் உழுது பிள்ளைகளைக் காப்பாற்றியவர், எல்லோரும் வரட்டும். நிலத்தை உழுதார் என்பது போதும். அது சின்ன வேலை இல்லை. அப்பாவுக்கு, "1961–1979 படை, 1984–2008 ஆம்புலன்ஸ்" என்று வெட்டினால் போதும். பதக்கங்களின் பெயர்கள் வேண்டாம்.

இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சென்ற மாசியில் ஒரு விடியற்காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த அப்பா திண்ணையில் சரிந்து விழுந்தார். வீட்டில் நான், என் தம்பி, தம்பி மனைவி, கல்லூரி படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தோம். 108-க்கு உடனே அழைத்தோம். வண்டி தாமதமில்லாமல்தான் வந்தது. ஆனால் அது வந்து சேரும் வரையிலான நிமிடங்களில் நாங்கள் ஐந்து பேரும் என்ன செய்தோம் தெரியுமா? முகத்தில் தண்ணீர் தெளித்தோம். உள்ளங்காலைத் தேய்த்தோம். அப்பா, அப்பா என்று அலறினோம். மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்த வேண்டும் என்று அந்த மனிதர் எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! சாக்கு மூட்டையைக் கிடத்திப் பழகுங்கள் என்று கூப்பிடுவார். அப்புறம் அப்பா, நாளைக்கு அப்பா என்போம். ஊரில் எத்தனையோ பேரைத் தூக்கிப்போய்ச் சேர்த்தவர் விழுந்தபோது, அவர் பெற்ற பிள்ளைகளின் கைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அழைத்துப்போன உதவியாளரைக் கேட்டேன். அவர் நல்ல பிள்ளை. பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று என் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்கக்கூடாது. அரசு தன் பங்குக்குச் செய்திருக்கிறது. 108 இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. ஆனால் வண்டி வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் ஊராருடையவை. தூணுக்கு ஒதுக்கிய தொகையில் கிரானைட்டுக்குப் பதிலாக நம் மலைக்கல்லே போதும் என்று முடிவு செய்தால் மிச்சமாகும் பணத்தில் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர், ஒரு முதலுதவிப் பெட்டி, நெஞ்சை அழுத்திப் பழக ஒரு பொம்மை வாங்கி வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரை ஆண்டுக்கு இரண்டு முறை அழைத்து, நூறு நாள் வேலைக்கு வரும் தாய்மார்களுக்கும் சுய உதவிக் குழுவினருக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம். ஏரிக்கரையில் ஓடும் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்வில் 1,600 மீட்டர் ஓட்டமும் கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவதும் கேட்பார்கள், சரி. அதோடு வாரத்தில் ஒரு காலை கம்பளி மடிப்பைப் பழகுங்கள். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் அது உங்கள் கையோடு இருக்கும்.

இரண்டாவது பக்கத்தில் வெட்டும் எழுத்துகளுக்கான கூலியை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. கல்தச்சரிடம் பேசிவிட்டேன். ஊராட்சிப் பணத்திலிருந்து அதற்கு ஒரு ரூபாயும் வேண்டாம். பெயர்ப் பட்டியலைத் தெருவாரியாகத் திரட்டும் வேலையையும் நானே செய்கிறேன். அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது என்றாலும், எந்த வீட்டில் யார் எந்த ஆண்டு பெட்டியோடு பஸ் ஏறினார் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஆகஸ்ட் 15 காலை பதினொரு மணிக்குக் கிராம சபைக்கு வருவேன். அம்மாவும் வருவார். மூன்று நோட்டுகளையும் கொண்டு வருகிறேன். தங்கள் வீட்டாரின் பக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்ட விடமாட்டேன், அதற்கு மன்னிக்க வேண்டும். அப்பாவின் பழைய படைக் கம்பளியும் இரண்டு மூங்கில் கழிகளும் எங்களோடு வரும். கூட்டம் தொடங்கும் முன் பள்ளிப் பிள்ளைகளை ஒரு பத்து நிமிடம் என்னிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு மிலிட்டரிக்காரர் மகள்